இருபத்து நான்கில் அரை

எங்கள் லஸ்தோவோ தீவில்
படகை இருபத்து நான்கு பங்காக எழுதுவார்கள்.
பன்னிரண்டு தின்கோவுக்கு, மரம் அவருடையது.
எட்டு, பணம் போட்ட மைத்துனனுக்கு.
மூன்று, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கு.
ஒன்று கோயிலுக்கு.
புயலில் கூப்பிட ஒரு முகாந்திரம் வேண்டுமே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
ஓக்கில் விலா, பைனில் தோல்.
இறக்கிய அன்றே ஒழுகியது.
ஒழுகட்டும், என்றாராம் தின்கோ,
கடலைக் குடித்த மரம்தான்
கடலை நிறுத்தும்.
மூன்றாம் நாள் நின்றது,
ஒரே ஒரு மூட்டைத் தவிர.

ஸ்வேத்தா லூத்ஸியா என்று பெயர்.
இத்தாலியர் வந்து
சாந்தா லூச்சியா என்று எழுதச் சொன்னார்கள்.
கண்நோய்க்கு நேர்ந்துகொள்ளும் அதே புனிதைதான்,
எழுத்து மட்டும் மாறியது.
அடுத்து வந்தவர்களுக்குப் புனிதையே ஆகாது.
விடுதலை என்று சிவப்பில் தீட்டிக்
கூட்டுறவுக் கணக்கில் சேர்த்தார்கள்.
பங்குக் காகிதம் மாவு டப்பாவுக்கு அடியில் போனது.
மத்திக்குப் படிக்கத் தெரியாது.
மூன்று பெயருக்கும்
ஒன்றுபோலவே வந்து மாட்டியது.

போன மாதம் நான் வண்ணம் சுரண்டினேன்:
நீலம், அதற்கடியில் சிவப்பு, பச்சை, கருந்தார்.
மூக்கு நிறைய மூன்று அரசாங்கம்.
தும்மித் தீர்த்தேன்.

பங்குகளும் சும்மா இருக்கவில்லை.
நாலு பங்கு சீட்டாட்டத்தில்
ஊப்லி ரொட்டிக்காரனிடம் போய்,
அவன் மகள் தொன்கா எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது
சீதனமாய்த் திரும்பியது.
கோயில் பங்கை விற்றுப் பாதிரியார்
மணிக்குக் கயிறு வாங்கினார்.

வீத்ஸே சித்தப்பா தன் பங்கையெல்லாம்
என் அப்பாவிடம் விற்றார்.
அரையை மட்டும் வைத்துக்கொண்டார்.
ஏனென்று சொல்லவில்லை.
ஐம்பத்தேழு அக்டோபர், நிலவில்லாத இரவு,
எஞ்சினுக்குச் சாக்கைப் போர்த்தி
இரண்டு மைல் துடுப்பால் போய்
நாலு பேரோடு இத்தாலியில் கரையேறினார்.
விடுதலையில் ஏறி விடுதலைக்கு ஓடினார்கள் என்று
காவலர்கள் எப்படி எழுதுவார்கள்?
'கட்டவிழ்ந்து மிதந்து போனது' என்று எழுதினார்கள்.

குளிர் முடிந்து படகு வந்தது,
கயிற்றின் நுனியில், இழுவைக் கூலிச் சீட்டோடு.
வீத்ஸே வரவில்லை.
மூன்று வருஷத்து மத்தி அந்தச் சீட்டுக்கே போனது.
அதற்குப் பிறகு அப்பா
தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
'அந்த பில்' என்பார்.
'அந்த பில்லுக்குக் கல்யாணமாம்.'

இப்போது புது எஞ்சின் போட வேண்டும்.
துறைமுக அலுவலகத்தில் சொன்னார்கள்:
உரிமையாளர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், பெரீனா.
இருபத்து மூன்றரை என் கையில் இருக்கிறது.
அரை, சான் பெத்ரோவில்,
வீத்ஸேயின் மகள் யெல்காவிடம்.
எழுதினேன்.
பதில் வந்தது:
படகில் எந்தப் பகுதி என்னுடையது?

ஓர் இரவு முழுக்க யோசித்தேன்.
பிறகு எழுதினேன்:
பின்புறம், இடப்பக்கம், மூன்றாம் பலகையின் மூட்டு.
ஆதியிலிருந்து ஒழுகுவது அதுதான்.
உன் அப்பா இறைத்துக்கொண்டே போன தகர டப்பா
இன்னமும் அதன் பக்கத்தில் கிடக்கிறது.
பஞ்சு அடைக்க ஐந்நூற்று நாற்பது யூரோ.
நாற்பத்தெட்டில் ஒன்று உன் கணக்கு:
பதினொன்றே கால்.

இருபது யூரோ நோட்டு ஒன்று வந்தது.
கையெழுத்துப் போட வேண்டிய தாள் காலி.
நோட்டைச் சுற்றிய துண்டுச் சீட்டில்
எங்கள் பாஷையில், எழுத்துப் பிழையோடு:
மீதிக்கு மீன்.

எழுத்தர் இதை ஏற்கமாட்டார்.
பழைய எஞ்சின் இன்னொரு பருவம் இருமட்டும்.
எட்டே முக்கால் யூரோவுக்கு மத்தி,
எடைபோட்டு, தலை கிள்ளி,
உப்பில் அடுக்கிவிட்டேன்.
தபாலில் போகுமா என்றால்
தபால்காரி மூக்கைப் பொத்துகிறாள்.
வந்து எடுத்துக்கொள்ளட்டும்.